துண்டுத் துணியும் நாட்கூலியும்

யாழ்ப்பாணத்துப் பெண்கள் வீட்டிலிருந்தவாறே செய்துவந்த தொழில்கள் பல. அப்பளம் இடுதல், மிளகாய்த்தூள் இடித்து விற்றல், பனையோலையிற் கடகமும் பெட்டியும் இழைத்தல், சட்டை தைத்தல் என அவை விரியும். எனினும், இவற்றைத் தொழில் என்று குறிப்பிடுவோர் எம்மிடையே மிகக் குறைவு. 'சும்மா இருக்கிற நேரத்திலை செய்யிறது' என்பதே வழக்கமான விளக்கம். என் தாயார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவ்வாறு 'சும்மா இருந்த நேரத்தில்' துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை தைத்து விற்றார். அந்த வருவாயிலேயே என் தமக்கையும் நானும் படித்தோம். பத்து வயது முதல் அத்தொழிலின் கணக்குக் கொப்பியை எழுதிவந்தவன் என்ற முறையில், அதுபற்றிச் சில கூறலாம் எனக் கருதுகின்றேன்.

ஆங்கிலத்திற் 'குவில்ற்' எனப்படுவது மூன்று படைகளைக் கொண்டது. மேலே துண்டுத் துணிகளைப் பொருத்திய முகப்பு, கீழே ஒரு முழுத்துணி, இடையே மென்மையான ஒரு படை. மூன்றையும் கையால் நூலோட்டி இணைக்கும்போதே அது போர்வையாகின்றது. குளிர்நாடுகளில் இடையே பஞ்சு வைப்பர். எமது வெப்பத்திற்குப் பஞ்சு ஆகாது. அம்மா பழைய நூற்சேலையையே வைத்தார். வங்காளத்துக் 'காந்தா'வும் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைப்பதே என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியிற் கிடத்தாது, பலமுறை துவைத்து மெதுமையான பழஞ்சேலையிற் கிடத்தும் எம்மவர் வழக்கமே அவருக்கு ஆதாரம். முதலில் விலைப்பட்டனவும் பிள்ளைகளுக்கான சிறு போர்வைகளே. கட்டிலுக்கான பெரியவை பின்னர் வந்தன.

என் தந்தையார் 1981 இற் காலமானார். அம்மாவின் சீதனத்தோடு வந்த 'சிங்கர்' கால் மெசின் ஒன்று வீட்டிலிருந்தது. சட்டை தைப்பதற்கு அயலில் ஏற்கெனவே மூவர் இருந்தமையால் அதில் இடமில்லை. சுன்னாகத்துத் தையற்கடைகளில் வெட்டி எறியப்படும் துண்டுகளைச் சாக்கில் வாங்கிவரலாம் என்ற எண்ணம் அவருக்கு எவ்வாறு வந்ததென்று நான் கேட்டதில்லை. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலமாயின் அது நடந்திராது. அந்நாளிற் கைக்குட்டை அளவுத் துணியையும் எவரும் எறியவில்லை. 1977 இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபின் கடைகளிற் துணி குவிந்தது, துண்டுகளும் குவிந்தன. 1978 இற் கட்டுநாயக்காவில் ஆரம்பிக்கப்பட்ட வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து கழிக்கப்பட்ட துண்டுகள் பின்னாளில் நிறைக்கு விற்கப்படலாயின. திறந்த பொருளாதாரத்தைப் பற்றி எத்தனையோ விவாதங்களை இப்பல்கலைக்கழகத்திற் கேட்டிருக்கின்றேன். எங்கள் வீட்டிற்கு அது ஒரு சாக்குத் துண்டுத் துணியாகவே வந்துசேர்ந்தது.

துண்டுகளைப் பொருத்துவது இலகுவானதென்று எண்ணுவோர் ஒருமுறை செய்து பார்த்தல் நன்று. அறுபது அங்குல அகலமும் தொண்ணூறு அங்குல நீளமும் கொண்ட ஒரு கட்டிற் போர்வைக்கு, தைத்து முடித்தபின் ஆறங்குலச் சதுரமாக நிற்கும் துண்டுகள் நூற்றைம்பது தேவை. ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்டல் வேண்டும். பக்கத்திற்குக் கால் அங்குலம் தையலுக்குள் மறைந்துவிடும். இவ்வாறு மறைவது வெட்டிய துணியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. வரிசைகளைப் பொருத்தி, வரிசையோடு வரிசையை இணைக்கும் தையலின் நீளத்தைக் கூட்டினால் நூற்று நாற்பது அடிக்கு மேல் வரும். இவை நான் எட்டாம் வகுப்பில் அம்மாவுக்காகப் போட்ட கணக்குகள். இதற்கு முன்னர் துணிகளைத் துவைத்தாக வேண்டும். சுருங்கும் பருத்தியும் சுருங்காப் பொலியெஸ்ரரும் அருகருகே வந்தால் முதற் சலவையிலேயே போர்வை சுருக்கு விழுந்துவிடும். சாயம் போகும் சிவப்பை வேறாக ஊறவைத்துப் பார்க்க வேண்டும். நூலோட்டம் நேராக அமையாது சாய்வாக வெட்டிய துண்டு இழுபடும். தொட்ட மாத்திரத்தே துணியின் இனத்தைச் சொல்லும் அறிவு அம்மாவின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்குமிடையே இருந்தது.

கணக்குக் கொப்பியில் நான்கு நிரல்கள் இருந்தன: துண்டுத் துணி, அடித்துணி, நூலும் ஊசியும், பஸ் கட்டணம். இந்நான்கையும் கூட்டி, அதன்மேல் 'ஏதோ கொஞ்சம்' வைத்து விற்பதே முறை. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை நிருணயித்தவர் அம்மா அல்லர். வாங்க வந்தவரின் முகமே. "என்ன தங்கச்சி, பழந்துணிக்கோ இவ்வளவு காசு?" என்று எவரேனும் கேட்டால் அம்மா மறுமொழி கூறார், விலையைக் குறைப்பார். உறவினர் எனில் மேலும் குறையும். ஊரில் உறவினர் அல்லாதார் எவர்?

பின்னர் இங்கு மாணவனாயிருந்தபோது, மாக்ஸ் 1867 இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற்பாகத்தை வாசித்தேன். இருபது யார் லினன் துணி ஒரு மேலங்கிக்குச் சமம் என்பதிலிருந்து அவர் பெறுமதியின் வடிவம் பற்றிய ஆய்வைத் தொடங்குகின்றார். தையல் இயந்திரத்தின் வருகை வீட்டிலிருந்து தைப்போரை எவ்வாறு வாட்டியது என்பதையும் அதே நூலிற் பிறிதோரிடத்தில் விவரிக்கின்றார். விரிவுரைகளில் இவை பேசப்பட்டபோது எனக்கு எங்கள் கொப்பியின் நான்கு நிரல்களே நினைவுக்கு வந்தன. ஐந்தாவதாக நேரத்திற்கு ஒரு நிரல் இருந்திருக்க வேண்டும். வெட்டுவதற்கு ஒரு நாள், மெசினிற் பொருத்த இரண்டு நாள், கைத்தையலுக்கு அதற்கும் மேல். இந்நாட்களுக்கு ஒரு சதமேனும் எழுதப்படவில்லை. எறிந்த துணி இலவசம் என்பதாற் போலும், அதன்மேற் செலவான நாளும் இலவசமெனக் கொள்ளப்பட்டது.

இதில் அம்மாவுக்கும் பங்குண்டு என்பதைக் கூறாது விடுதல் நேர்மையன்று. 1986 அளவில் அயலிலிருந்து ஒரு பெண்பிள்ளை கைத்தையலுக்கு வந்தாள். போர்வையொன்றுக்கு இவ்வளவு எனக் கூலி. கைத்தையல் மூன்று நாள் வேலை என்பது அம்மாவின் மதிப்பு. ஓராண்டு கழித்து அப்பிள்ளை, "மாமி, கொஞ்சம் கூட்டித் தாங்கோ" என்று கேட்டாள். அம்மா கொப்பியைக் காட்டிக் கட்டாது என்றார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. கையிலிருந்த போர்வையை அம்மாவே தைக்கலானார். அன்றன்று தைத்ததற்குச் சுவரிற் சோக்கால் ஒரு கோடு இழுத்தார். போர்வை முடிந்தபோது ஆறு கோடுகள் இருந்தன. அன்று மாலையே என்னை அனுப்பி அப்பிள்ளையைக் கூப்பிட்டார். கூலி இரட்டிப்பாகியது, போர்வையின் விலையும் ஏறியது, வாடிக்கையாளர் சிலர் நின்றனர். பிறருடைய நாளை எண்ணத் தொடங்கிய பின்னரும் தம்முடைய நாளை அம்மா எண்ணவில்லை. இதனை நான் பலமுறை சிந்தித்ததுண்டு.

கொழும்பிலிருந்த ஒரு கடை இருபது போர்வைகள் கேட்டது. எல்லாம் ஒரே அளவு, இரண்டே நிறம், ஒன்றுக்கொன்று வேறுபாடு இருத்தலாகாது. சாக்குத் துணியில் அத்தகைய ஒற்றுமை எங்கே கிடைக்கும்? புதுத்துணி வாங்கி வெட்ட வேண்டியதாயிற்று. "முழுத்துணியை வெட்டித் துண்டாக்கிப் பிறகு பொருத்துறதோ?" என்று அம்மா இரண்டு நாள் கத்தரிக்கோலைத் தொடாமல் இருந்தார். பின் தைத்தார். பணம் விற்ற பின்னரே வந்தது. மூன்று போர்வைகள் திரும்பியும் வந்தன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் ஊரைப் பற்றி வாசித்தபோது இக்கடையின் ஞாபகமே வந்தது. அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கு பழைய வேலையுடுப்புகளைக் கிழித்துப் போர்வை தைத்துவந்தனர். 1966 இல், குடியுரிமைப் போராட்டக் காலத்தில், அவ்வூரினரும் அயலூரினருமான பெண்கள் கூட்டுறவொன்றை அமைத்து நியூயோர்க் கடைகளுக்கு விற்கலாயினர். கடைகள் கேட்டதோ ஒரே சீரான வேலை. 1972 இல் சியேர்ஸ் நிறுவனம் கோடுற்ற தடித்த கோர்ட்றோய்த் துணியில் தலையணை உறைகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அதில் எஞ்சிய துண்டுகளை அப்பெண்கள் வீட்டிற்குக் கொண்டுசென்று, தம் மனம்போனவாறு தமக்கான போர்வைகளைத் தைத்தனர். கடைக்காக அன்றி வீட்டுக்காகத் தைத்த போர்வைகளே 2002 இல் ஹூஸ்ரனிலும் நியூயோர்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் ஓவியங்களாகத் தொங்கவிடப்பட்டன. கூட்டுறவு 2012 இல் மூடப்பட்டது. கலை விமர்சகர் இதிற் கலையின் வெற்றியைக் காணலாம். நானோ, அருங்காட்சியகத்திற்குப் போகும்வரை அவற்றின் விலை என்னவாயிருந்தது என்பதையே முதலிற் தேடினேன். கணக்கெழுதியவன் புத்தி அது.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பொருட்கள் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் அருமையாகியதால் ஜாம் போத்தல் விளக்கில் இரவுத் தையல் நடவாது. மெசினுக்கு விட எண்ணெயின்றித் தேங்காயெண்ணெய் விட்டோம். அது பிசினாகி இறுகியது. ஆயினும் புதுத்துணி கிடையாத அக்காலத்திலேதான் எவரும் அம்மாவிடம் 'பழந்துணிக்கோ' என்று கேட்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தைவிட்டு வெளியேறியபோது மெசினின் தலையைக் கழற்றிச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனோம். மறுவருடம் திரும்பியபோது இரும்புக் கால்கள் துருவேறி அவ்விடத்திலேயே நின்றன. சாக்குகள் நின்ற இடத்திற் கறையான் புற்றிருந்தது.

2002 இல் ஏ-9 வீதி திறந்தபின் வெளிநாடுகளிலிருந்து உறவினர் வரலாயினர். ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் காலஞ்சென்ற தம் தாயாரின் ஏழு சேலைகளைக் கொண்டுவந்து, "இதிலை எனக்கும் தங்கச்சிக்கும் ஒவ்வொரு போர்வை தைச்சுத் தாங்கோ மாமி" என்றார். பட்டும் நூலும் ஒரே சலவைக்கு ஒத்துவரா. மடிப்பிற் சரிகை வெடிக்கும். ஆதலின் பட்டிரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, நூற்சேலைகள் ஐந்தையும் அம்மா துவைத்து மடித்து வைத்தார். ஒரு மாதம் வெட்டவில்லை. அப்போர்வைகளுக்கு அவர் கொடுத்த பணம் எமது வழமையான விலையிலும் மூன்று மடங்கு. முகப்புத் துணி அவருடையது. அடித்துணிக்கும் நூலுக்கும் சிறுதொகையே சென்றது. எஞ்சியது முழுவதும் வேலைக்கான காசு. அவ்வாறு வேலைக்கென்று தனியாக எழுதக்கூடிய தொகை எங்கள் கொப்பியில் முதன்முதல் வந்தது அன்றுதான்.

அயலூரிலிருந்து இன்னொருவரும் அதேபோன்ற போர்வை கேட்டு வந்தார். அவரிடம் இருந்தது ஒரு சட்டைத் துண்டும் அரைச் சேலையுமே; மற்றவை இடப்பெயர்வுகளிற் போய்விட்டன. அம்மா அவற்றை நடுவில் வைத்து, சுற்றிலும் எங்கள் துணியைக் கொடுத்துத் தைத்தார். நூற்காசு மட்டும் வாங்கினார். கொப்பியை அப்போது பொறுப்பேற்றிருந்த தமக்கை, வரவு நிரலை வெறுமையாக விட்டு, ஓரத்தில் 'ஒன்பது நாள்' என்று எழுதினார்.

இப்போது தொழிலை நடத்துபவர் தமக்கையே. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது, மின்மெசின் வைத்திருந்தோர் கையைக் கட்டியிருக்க, எங்கள் கால் மெசின் ஓடியது. ஆயினும் நூலின் விலை ஏறியதால் இலாபம் அதிலே போயிற்று. அவ்வருடமே தமக்கை கொப்பியில் ஐந்தாவது நிரலைக் கீறினார். நாளுக்கு எவ்வளவு என்பதில் வீட்டில் விவாதம் எழுந்தது. ஊரில் வெங்காயத் தோட்டத்து நாட்கூலியை அளவாகக் கொள்வதென்று முடிவாயிற்று. ஆனால் அங்கே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி. தமக்கை ஆணின் கூலியை எழுதினார். "அது கூடிப்போச்சுப் பிள்ளை, ஆர் வாங்குவினம்?" என்றார் அம்மா. தமக்கை அழிக்கவில்லை. சென்ற மாதம் ஊருக்குப் போனபோதும் அம்மா என்னைத் தனியே அழைத்து, அந்தத் தொகையைக் கொஞ்சம் குறைத்தெழுதச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.