சூரியனுக்கே பிரைவஸி இல்லாத ஊர்!

முன்பெல்லாம் கொடைக்கானலுக்குக் கிளம்ப இரண்டே சாமான் போதும். ஒரு ஸ்வெட்டர், ஒரு எலுமிச்சம்பழம். ஸ்வெட்டர் மேலே போனதும். எலுமிச்சம்பழம் போகிற வழியில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு! இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது... இ-பாஸ்.

2024 மே 7-ல் ஆரம்பித்தது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு பஸ்ஸில் போனால் இந்த வம்பு இல்லை. நான்தான் நண்பனிடம் கார் இரவல் வாங்கிவிட்டேனே!

போன் நம்பரைப் போட்டு, ஓ.டி.பி. வாங்கி, வண்டி நம்பர் என்ன, எத்தனை பேர், என்றைக்கு வர்றீங்க, எங்கே தங்கறீங்க... பெண் பார்க்கப் போனபோதுகூட மாமனார் என்னிடம் இத்தனை கேள்வி கேட்கவில்லை. என் போனுக்கு ஓ.டி.பி. வருவேனா என்றது. (ரீசார்ஜ் முடிந்து மூன்று நாளாம்!) கடைசியில் தங்கச்சி நம்பரில்தான் பாஸ் எடுத்தோம்.

வத்தலக்குண்டு தாண்டி, மலை ஏறி, பெருமாள்மலையில் டீ குடித்துவிட்டு, வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் போனால் செக்போஸ்ட். பாஸைப் பார்த்தார்கள். "பிளாஸ்டிக் பாட்டில் இருக்கா சார்?" என்று டிக்கியைத் திறந்தார்கள். என் மனைவியின் முறுக்கு டின், ஊறுகாய் ஜாடி, என் குரங்குக் குல்லா எல்லாம் நாலு பேர் முன்னால் அம்பலமாகின.

"மனுஷனுக்கு ஒரு பிரைவஸி வேண்டாமா?" என்று முணுமுணுத்தேன்.

"சும்மா இருங்க. அமெரிக்காக்காரன் கேக்கறதை விடவா?" என்றாள் மனைவி. அதுவும் வாஸ்தவம்தான். அங்கே விசா கேட்பவர்கள் ஐந்து வருஷத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பெயர்களையெல்லாம் எழுதித் தரவேண்டும் என்று 2019-லேயே சொல்லிவிட்டார்கள். 2025 ஜூனிலிருந்து, மாணவர் விசா என்றால் அந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கிற மாதிரித் திறந்தே வைக்க வேண்டுமாம்! அதற்கு டிக்கி தேவலை.

இ-பாஸுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று தெரிய முதலில் எண்ண வேண்டுமே! அதை ஆராய சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் இறங்கின. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றம் வரம்பே போட்டது. மே மாதம் அந்த மலைப்பாதையில் மணிக்கணக்கில் நின்றவன் யாரும் இதைக் குறை சொல்லமாட்டான்.

லாட்ஜுக்குப் போனோம். கவுன்ட்டரில் நீள நோட்டு. நூல் கட்டிய பேனா. பெயர், ஊர், போன் நம்பர், ரூம் நம்பர். நாலு பேரின் ஆதாரும் ஜெராக்ஸுக்குப் போயின. பதிவுக்கு ஏதாவது ஒரு நம்பர் வேண்டுமே, இங்கேயும் தங்கச்சி நம்பர்தான். அவள் பாங்க் உத்தியோகம். "விடியக்காலை தனியா ஏரியைச் சுத்தி நடக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள். சுற்று ஐந்து கிலோமீட்டர்.

ராத்திரி பத்தரை மணி. கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது. போனை நீட்டினாள்.

'ஹாய் மேடம்... குளிர் ஜாஸ்தியா?'

தெரியாத நம்பர்.

"பார்த்தீங்களா! இ-பாஸ்ல குடுத்த நம்பர் லீக் ஆயிடுச்சு!" என்றாள் மனைவி. நானும் ஆவேசமாக, சர்க்காரைக் கண்டித்து மனசுக்குள்ளேயே ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன். இரண்டாவது பாரா முடிவதற்குள் அடுத்த மெசேஜ்:

'ஏழாம் நம்பர் ரூம்தானே? நோட்டுல பார்த்தேன்.'

கட்டுரை அங்கேயே செத்துப்போனது.

ஆசாமி தன் ஸ்டேட்டஸில் கூலிங் கிளாஸோடு தூண் பாறை முன்னால் நின்றுகொண்டிருந்தார். சாயந்திரம் கவுன்ட்டரில் எங்களுக்குப் பின்னாலேயே நின்றவர்! தங்கச்சி அன்றைக்கு எங்கள் ரூமிலேயே படுத்தாள். தூங்கவில்லை. விடியக்காலை ஏரிக்கும் போகவில்லை. கதவை இரண்டு தடவை எழுந்து பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காலையில் மானேஜரிடம் போனோம்.

"நோட்டு எழுதணும்ங்கறது ரூல் சார்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி கேட்டாள்: "எழுதச் சொல்றது ரூல். திறந்து வைக்கச் சொல்றதும் ரூலா?"

மானேஜரிடம் பதில் இல்லை. நோட்டு மூடப்பட்டது. கூலிங் கிளாஸ் வரவழைக்கப்பட்டார். "ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க, விளையாட்டுக்கு..." என்று இழுத்தார். நம்பரை எங்கள் எதிரிலேயே அழித்தார். பத்து மணிக்கு ரூமைக் காலி செய்துகொண்டு போயே போய்விட்டார்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நம் தகவலைக் காக்க 2023-ல் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. டில்லியிலிருந்து அதெல்லாம் கிளம்பி, நூல் கட்டிய பேனா வரைக்கும் மலையேற நாளாகும். அதுவரை நாமே இரண்டு காரியம் செய்யலாம். எழுதியதும், "நோட்டை மூடி உள்ளே வைங்க" என்று கேட்கலாம். ஆதார் வெப்சைட்டில், பன்னிரண்டு எண்ணில் கடைசி நாலு மட்டும் தெரிகிற பிரதியை இறக்கிக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

மத்தியானம் வானியல் ஆய்வுக்கூடம் பக்கம் போனோம். 1899-ல் ஆரம்பித்த இடம். நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் போட்டோ எடுத்துத் தேதிவாரியாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். "சூரியனுக்கே பிரைவஸி இல்லாத ஊர்!" என்றேன்.

"சூரியன் போட்டோவை எடுத்தவங்க கவுன்ட்டர்ல பரப்பி வைக்கலையே அண்ணே" என்றாள் தங்கச்சி. ராத்திரிக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

மறுநாள் விடியக்காலை அவள் தனியாகத்தான் ஏரியைச் சுற்றினாள். நான் கரையில் உட்கார்ந்து, பனியோடு ஏரியை ஒரு படம் எடுத்து, 'குடும்பத்துடன் கொடைக்கானலில்' என்று ஸ்டேட்டஸ் போடப் போனேன்.

பின்னாலிருந்து மனைவி குரல்.

"வீடு பூட்டிக் கிடக்குன்னு ஊருக்கே சொல்லணுமா?"

போனை மடித்துக் குல்லாவுக்குள் வைத்துக்கொண்டேன்.