குடியேறினரா, குடியமர்த்தப்பட்டனரா?

ஆங்கிலத்தில் ‘செட்டில்’ என்னும் வினைக்கு அகராதிகள் தரும் பொருள்கள் பல. கலங்கிய நீரில் மண் படிதல், ஆரவாரம் அடங்குதல், வழக்குத் தீர்தல், கடனைத் தீர்த்தல், ஓரிடத்தில் குடியேறுதல் ஆகிய அனைத்தும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கும். பழைய ஆங்கிலத்தில் இருக்கையைக் குறித்த பெயர்ச்சொல்லே அதன் மூலம். தமிழில் ‘அமர்’ என்பதும் உட்கார்தலையும் அடங்குதலையும் ஒருங்கே குறிப்பதால், இரு சொற்களின் பொருள்வளர்ச்சியும் ஒத்த வழியில் சென்றது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் ‘அமர்’ தன்வினை, ‘அமர்த்து’ பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே.

இது வெறும் இலக்கணச் செய்தியன்று என்பதை மட்டாஞ்சேரி உணர்த்துகிறது. யூதர், கொங்கணியர், தமிழ் வண்ணார் எனப் பலரும் இப்பகுதியில் ‘செட்டில்’ ஆனவர்கள் என்று ஆங்கிலத்தில் எளிதாக எழுதிவிடலாம். ஆனால் அவர்கள் வந்த வழிகள் வேறு. கொங்கணியர் போர்ச்சுகீசியரின் நெருக்கடியால் கோவாவை விட்டு வந்தவர்கள். பரதேசி யூதர்கள் கொச்சி அரசர் அளித்த நிலத்தில், அரண்மனையை ஒட்டியே, 1568இல் தொழுகைக்கூடம் எழுப்பினர். அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் இன்றும் சலவைத் தொழில் செய்யும் தமிழ் வண்ணாரின் முன்னோரோ, படைவீரர்களின் உடை வெளுப்பதற்காக டச்சுக்காரர்களால் கொண்டுவரப்பட்டவர்கள் என்பது வழிவழிச் செய்தி. முன்னவர் இருவரும் குடியேறினர், இவர்கள் குடியமர்த்தப்பட்டனர்.

மட்டாஞ்சேரி யூதர்கள் போற்றிக் காத்த செப்பேடு கி.பி. 1000ஐ ஒட்டியது, வட்டெழுத்தில் அமைந்தது. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய உரிமைகளை அது பதிவு செய்கிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், பெற்றவை எவை என்பன அதில் தெளிவாக உள்ளன. சலவைத் துறைக்கு அழைத்துவரப்பட்டவர்களுக்கு அத்தகைய செப்பேடு எதுவும் இல்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது வாய்மொழி மட்டுமே. அந்த வாய்மொழியையும் ‘செட்டில்’ ஆயினர் என்று எழுதிவிட்டால், கொண்டுவந்த கை மறைந்துவிடும். ‘குடியமர்த்தப்பட்டனர்’ என்றால், யாரால், எதற்காக என்னும் வினாக்கள் உடனே எழும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. செப்பேட்டு உரிமையும் தொழுகைக்கூடமும் உடைய கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1948க்குப் பின் இஸ்ரேல் சென்றுவிட்டனர். கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் இங்கேயே நிலைத்துள்ளனர். குடியேறுதல் வேறு, நிலைபெறுதல் வேறு. ‘செட்டில்’ இவ்விரண்டையும்கூடப் பிரித்துக் காட்டுவதில்லை.

வியப்பு என்னவெனில், அச்சொல்லையே கடன் வாங்கிய பேச்சுத்தமிழ் இக்குறையை உடனே களைந்துகொண்டது. ‘செட்டில் ஆனான்’ என்பது வேறு. ‘செட்டில் பண்ணினான்’ என்பது வேறு. பேசுவோர் இயல்பாகப் பேணும் இவ்வேறுபாட்டை, குடியேற்ற வரலாறு எழுதும் ஆய்வாளர்களும் பேணுதல் வேண்டும்.