தூள்

போன மாதம் அம்மா பெங்களூருக்கு வந்திருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை நானே சிக்கன் பொரிக்கிறேன் என்று சொன்னேன். "நீயா?" என்றாள். அதற்கு முன்பே நான்கு முறை பொரித்து நான்கு முறையும் கோட்டை விட்டிருந்தேன். அது அவளுக்குத் தெரியாது.

எனக்கு வேண்டியது மசாலா தடவி எண்ணெயில் போட்டு எடுக்கிற நம்மூர் வறுவல் இல்லை. மேலே செதில் செதிலாக மாவு நிற்க வேண்டும், கடித்தால் பக்கத்து ரூமுக்குக் கேட்க வேண்டும். கே.எஃப்.சி. இந்தியாவில் தன் முதல் கடையை இதே ஊரில், பிரிகேட் ரோட்டில் 1995இல் திறந்தபோது நான் திருப்பூரில் ஒன்றாம் வகுப்பு. 2011இல் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில்தான் அந்த மாதிரி சிக்கனைச் சாப்பிட்டேன். பெட்டியைத் திறந்ததும் அடியில் உதிர்ந்து கிடந்த மாவுத் துணுக்குகளைத்தான் முதலில் பொறுக்கித் தின்றேன். கூட வந்தவன் சிரித்தான். கறி இருக்கும்போது எவனாவது தூளைத் தின்பானா?

தின்போம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், அம்மா செக்கிங். சனிக்கிழமை ராத்திரி மட்டும் அப்பா தள்ளுவண்டியில் நூறு கிராம் சில்லி சிக்கன் வாங்கி வருவார். நாலு பேருக்கு நூறு கிராம். எடை போட்டு முடித்ததும் அப்பா, "அண்ணா, கொஞ்சம் தூள் போடுங்" என்பார். வாணலியில் உதிர்ந்த மாவு, பொரிந்த கறிவேப்பிலை, எங்கோ ஒரு எலும்புத் துண்டு எல்லாம் அதில் இருக்கும். அதற்குக் காசு கிடையாது. பொட்டலம் பிரிந்ததும் கறி எனக்கும் தங்கச்சிக்கும், இரண்டு துண்டு அப்பாவுக்கு. தூள் அம்மாவுக்கு. ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வாள். "எனக்கு இதுதான் புடிக்கும். கறி பல்லுல சிக்குது" என்பாள். நான் அப்படியே நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. நல்லதை எல்லாம் அவளே எடுத்துக்கொள்கிறாள் என்று சண்டை போட்டு அதிலும் பாதியைப் பிடுங்குவேன்.

பொரிப்பதற்கு வருகிறேன். முதல் முறை, திருப்பிப் போடும்போதே சட்டையைக் கழற்றுவதுபோல் மேல்மாவு மொத்தமும் கழன்று எண்ணெயில் மிதந்தது. இரண்டாவது முறை சோளமாவை அள்ளிப் போட்டு ஓடு மாதிரி ஆக்கினேன். மூன்றாவது, வெளியே கருகி எலும்போரம் ரத்தம். நான்காவது நன்றாக வந்தது, ஐந்து நிமிடம் வரை. டிஷ்யூ பேப்பர் மேல் அடுக்கியிருந்தேன். சூட்டில் கிளம்பிய ஆவி போக வழியில்லாமல் அடியில் தங்கி எல்லாவற்றையும் நனைத்துவிட்டது.

எண்ணெயில் கொப்புளம் கொப்புளமாக வருவது எண்ணெய் கொதிப்பதால் அல்ல என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது கோழியிலும் மாவிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஓடுவது. அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் அவ்வளவாக உள்ளே வராது. மாவு தண்ணீரை இழந்தால்தான் முறுகும். ஒரே நேரத்தில் எட்டுத் துண்டைப் போட்டால் 170 டிகிரி எண்ணெய் சட்டென்று இறங்கிவிடும், மாவு முறுகாமல் எண்ணெயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கர்னல் சாண்டர்ஸ் 1939இல் பிரஷர் குக்கரில் பொரிக்க ஆரம்பித்தார் என்று படித்துவிட்டு எங்கள் வீட்டு குக்கரை ஒரு நிமிடம் பார்த்தேன். தயவுசெய்து யாரும் செய்துவிடாதீர்கள். சூடான எண்ணெயைத் தாங்குவதற்கு அந்த கேஸ்கெட்டும் வால்வும் செய்யப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தோலோடு ஒரு கிலோ வாங்கி, முந்தின ராத்திரியே மோரிலும் உப்பிலும் மிளகாய்த்தூளிலும் ஊறப்போட்டேன். நாலு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு சோளமாவு. அந்த மாவில் ஊறிய மோரை இரண்டு கரண்டி தெளித்துப் பிசிறினேன், அதுதான் செதிலாக நிற்கும். துண்டுகளை மாவில் அழுத்திப் புரட்டி இருபது நிமிடம் சும்மா விட்டேன். ஈரம் மாவுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. முதல் முறை நான் விடாதது இந்த இருபது நிமிடம்தான்.

அம்மா இது எதையும் கவனிக்கவில்லை. வாணலியில் ஊற்றிய எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு லிட்டரா கண்ணு? ஒரு மாசத்துக்கு ஆகுமே. மிச்சத்த என்ன பண்ணுவ?"

வடிகட்டி வைப்பேன் என்று பொய் சொன்னேன்.

மூன்று மூன்றாகப் போட்டேன். கால்களுக்குப் பதினாலு நிமிடம் ஆனது. எலும்போரம் தெர்மாமீட்டர் 80 காட்டியதும் எடுத்துக் கம்பித் தட்டில் வைத்தேன். ஒரு துண்டில்கூட மாவு கழலவில்லை. பெருமையாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. பெரிய காலாகப் பார்த்து அம்மா தட்டில் வைத்தேன். "எனக்கெதுக்கு இவ்ளோ பெருசு" என்றாலும் முழுசாகச் சாப்பிட்டாள், எலும்பின் நுனியைக்கூட விடவில்லை. பல் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவும் முன் வாணலியை எட்டிப் பார்த்து, "தூள் இல்லையா?" என்றாள்.

இல்லை. உதிராமல் இருப்பதற்குத்தானே இவ்வளவு பாடு.

"நெஜமாவே உனக்குத் தூள்தான் புடிக்குமாம்மா?"

யோசித்தாள். "அப்பல்லாம் இல்ல கண்ணு. தின்னு தின்னு அப்புறம் புடிச்சுப்போச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ரசத்தைச் சுட வைக்கப் போனாள். எனக்குத்தான் அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவளிடமிருந்து பிடுங்கித் தின்ற பாதித் தூள் எந்தக் கணக்கில் சேரும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

தட்டில் மாவு மிச்சமிருந்தது. மிச்ச மோரையும் ஊற்றி உதிரி உதிரியாகப் பிசிறி, கறிவேப்பிலையோடு எண்ணெயில் தூவினேன். ஒரு நிமிடத்தில் சிவந்து மேலே வந்தது. அரித்து எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, ரசம் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் மகள் ஓடி வந்து கிண்ணத்தில் கைவிட்டாள். அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"உனக்குத்தான் கறி இருக்குதல்ல சாமி, அதைத் தின்னு."

பிறகு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாள், "உப்பு பத்தல."