பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் வயதைத் தெரிந்துகொள்ள ரேஷன் கார்டைப் பார்க்க வேண்டியதில்லை. புடவையின் நிறம் போதும். இருபதுகளில் கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். முப்பதுகளில் அரக்கு, கத்தரிப்பூ நிறம். பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததும் சாம்பல், சந்தனம், இளம்பழுப்பு. இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் ஐம்பதைத் தொட்ட பெண் நல்ல சிவப்பில் கை வைத்தால் ஜவுளிக்கடைக்காரரே, "உங்களுக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்பார்.

இந்தக் கணக்கு கொல்கத்தாவில் செல்லாது. இங்கு குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே அது தெரிந்துவிட்டது. நந்தன் திரையரங்க வாசலில், புத்தகக் கண்காட்சியில், நாடகம் முடிந்து ஆட்கள் கலையும் அகாடமி முற்றத்தில் அந்தப் பெண்கள் நிற்பார்கள். தலையில் சாயம் பூசாத நரை. நெற்றியில் ரூபாய் நாணயம் அளவுக்குப் பொட்டு. கைத்தறிச் சேலை, அதற்குச் சற்றும் பொருந்தாத அச்சுத்துணி ரவிக்கை. கழுத்தில் டோக்ராப் பித்தளைப் பதக்கம், காதில் கறுத்த வெள்ளித் தொங்கட்டான், தோளில் ஜோல்னாப் பை. வயது அறுபது இருக்கும். பக்கத்தில் கணவர் குரங்குக் குல்லாய்க்குள் பத்திரமாக இருப்பார்.

பேஷன் பத்திரிகைகள் இதற்குப் போஹீமியன் பாணி என்று பெயர் வைத்திருக்கின்றன. பெயரே ஒரு தவறான விலாசம்தான். நாடோடிகளான ரோமா மக்கள் பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில், வாடகை கொடுக்க வழியில்லாமல் பாரிஸில் திரிந்த ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களைப் பற்றி ஹென்றி முர்ஜே எழுதிய கதைகள் 1851ல் நூலாயின. அதைக்கொண்டு புச்சினி அமைத்த இசை நாடகம் 1896ல் மேடையேறியது. ரோமா மக்களோ பொஹீமியாக்காரர்கள் அல்லர். அவர்கள் மொழி நம் வட இந்திய மொழிகளின் உறவு; அவர்களுடைய முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். பிறகு 1960களில் ஹிப்பிகள் வந்தார்கள். நம் ஜோல்னாப் பையையும் குர்த்தாவையும் பாசிமணியையும் எடுத்துப்போனார்கள். இப்போது அதே சரக்கு வெளிநாட்டுப் பெயரோடு நம் கடைகளுக்கே திரும்பி வந்திருக்கிறது.

கொல்கத்தாவுக்கும் சொந்தமாகப் போஹீமியர்கள் இருந்தார்கள். 1953ல் தொடங்கிய 'கிருத்திபாஸ்' பத்திரிகையைச் சுற்றி இருந்த கவிஞர்கள், 1961ல் கிளம்பிய 'ஹங்ரி' தலைமுறையினர், 1962ல் இங்கு வந்து அவர்களோடு சுற்றிய அமெரிக்கக் கவி ஆலன் கின்ஸ்பெர்க். நள்ளிரவில் நகரைச் சுற்றிய அவர்களின் கதைகளை வங்காளிகள் இன்றும் வாஞ்சையோடு சொல்வார்கள். அந்தக் கதைகளில் பெரும்பாலும் ஆண்கள்தான். கலைந்த தலையும் அழுக்குச் சட்டையும் ஆணுக்கு மேதைமையின் அடையாளம். அதே கோலத்தில் ஒரு பெண் வந்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

பெண்களின் உடை வேறு வழியில் மாறியது. அதில் தாகூர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் இந்திய ஐ.சி.எஸ். அதிகாரியான சத்யேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதாநந்தினி தேவி, 1860களில் பம்பாய்க்குப் போன இடத்தில் பார்சிப் பெண்கள் சேலை கட்டும் முறையைப் பார்த்தார். வங்காளத்தில் அதுவரை ரவிக்கையும் உள்பாவாடையும் இல்லாமல் ஒற்றைச் சேலையைச் சுற்றிக்கொள்வதே வழக்கம். அந்த உடையில் வீட்டுப்படி தாண்ட முடியாது. அவர் கொண்டுவந்த புதிய கட்டு, வெளியே போவதற்கான கட்டு. ரவீந்திரநாத் 1927ல் ஜாவாவுக்குப் போய்வந்த பின் பாத்திக் கலை சாந்திநிகேதனில் வேரூன்றியது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அவருடைய மருமகள் பிரதிமா தேவி. விலை உயர்ந்த பட்டும் தங்கமும் இல்லாமல், சாயம் தோய்த்த பருத்தியும் பூவும் போதும் என்ற ரசனை அங்கேதான் உருவானது. 1986லிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் 'சானந்தா' பெண்கள் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த திரைப்பட இயக்குநர் அபர்ணா சென்னின் பெரிய பொட்டையும் கைத்தறிச் சேலையையும் நடுத்தர வர்க்கம் பார்த்துப் பழகியது.

ஆனால் வங்காளம் வெள்ளைச் சேலையின் நாடும்கூட. கணவன் இறந்ததும் கரையில்லாத வெள்ளை, ஏகாதசிப் பட்டினி, மீன் விலக்கு. 1856ல் விதவை மறுமணச் சட்டம் வர வித்யாசாகர் போராடியபோது, சாந்திபுரம் நெசவாளர்கள் அவரை வாழ்த்தும் பாட்டைச் சேலைக் கரையிலேயே நெய்தார்கள். விதவைக்கு மறுக்கப்பட்ட அந்தக் கரையே அவளுக்காகப் பேசியது! சேலை ஒரு கட்சியாகவும் இருக்க முடியும் என்பதை இந்த ஊர் அன்றே கண்டுவிட்டது.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. கணவனை இழந்தவளைப் புறநானூறு 'கழிகல மகடூஉ' என்று குறிப்பிடுகிறது. அணிகலனைக் கழித்தவள். நகை போனதே அவள் பெயராகிவிட்டது. இன்னொன்று, உலா இலக்கியங்களில் வரும் ஏழு பருவங்கள். பேதையில் ஆரம்பித்துப் பேரிளம்பெண்ணில் முடிகின்றன. பாட்டியல் கணக்குப்படி பேரிளம்பெண்ணின் வயது 32 முதல் 40 வரை. அதற்குப் பிறகு பருவம் இல்லை, பெயரும் இல்லை. வீதியில் உலா வரும் மன்னனை மாடத்திலிருந்து பார்க்கும் தகுதி நாற்பதோடு முடிந்துவிடுகிறது. முதுகலை வகுப்பில் இந்த அட்டவணையை மனப்பாடம் செய்தபோது எனக்கு இருபத்தொரு வயது, அரிவைப் பருவம். பட்டியல் எங்கே முடிகிறது என்று அப்போது கவனிக்கத் தோன்றவில்லை. நாற்பத்தாறில் தோன்றுகிறது.

நம் மரபில் பட்டியலுக்கு வெளியே போன பெண்கள் இல்லாமல் இல்லை. கல்யாணத்திலிருந்து தப்பிக்க முதுமையை வேண்டிப் பெற்றாள் என்பது ஔவை பற்றிய கதை. காரைக்கால் அம்மையார் உடலின் தசையையே உதறிப் பேய் வடிவம் கேட்டார். இருவரும் ஊர் ஊராகப் போனார்கள், பாடினார்கள், யாருக்கும் பதில் சொல்லவில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அழகு. நம் வீடுகளில் இன்றும் அந்தப் பேரம்தான் நடக்கிறது. வயதான பெண் கோவில், குளம், யாத்திரை என்று எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஆனால் நிறத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கொல்கத்தாவில் நான் பார்க்கும் பெண்கள் அந்த விலையைக் கொடுக்க மறுக்கிறார்கள். சுதந்திரமும் வேண்டும், பொட்டும் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் பாணியில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

அப்பா இறந்தபோது அம்மாவுக்கு ஐம்பத்து நான்கு. அடுத்த வருடம் சில மாதங்கள் எங்களோடு இருக்க வந்தார். பெட்டியைத் திறந்தால் எல்லாம் வெளுத்த சேலைகள். மாடியில் இருக்கும் மாசிமா பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் கணவரை இழந்தவர்தான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? ஏன் எப்போதும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மாதிரி உடுத்துகிறார்?" பொய்லா பொய்ஷாக், அதாவது வங்காளப் புத்தாண்டு அன்று, ஒரு பேகம்பூர்ச் சேலையைக் கொண்டுவந்து அம்மா கையில் வைத்தார். மயில்கழுத்து நீலம், ஆரஞ்சுக் கரை.

அம்மா அதை அலமாரியில் வைத்துவிட்டார்.

"கட்டிக்கலையாம்மா?"

"ஊர்ல பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"ஊர் இங்க இல்லையே."

"ஊர் எல்லா இடத்துலயும்தான் இருக்கு."

நான் மேலே பேசவில்லை. ஜூன் மாதப் புழுக்கம்தான் வேலை செய்தது. கொல்கத்தாவின் ஈர வெயிலில் பாலியெஸ்டர் கலந்த சேலை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்களுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்வை கொட்டும். அந்த வயதில் தளர்ந்த பருத்தியும் தட்டைச் செருப்பும் பேஷன் அல்ல, மருந்து. ஒரு நாள் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் புறப்பட்ட அம்மா அந்த நீலச் சேலையில் இருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. மாசிமா மட்டும் மாடியிலிருந்து கையை ஆட்டினார். அதன் பிறகு அடிக்கடி கட்டினார். லேக் மார்க்கெட்டுக்குப் போகும்போது மட்டும் மறுபடி சந்தன நிறம். முருங்கைக்காயும் வாழைப்பூவும் கிடைக்கும் அந்தப் பகுதியில் தமிழ்க்காரர்கள் இருக்கிறார்கள்.

அந்த நாட்களில் டி.வி.யில் உஷா உதுப் வந்தால் அம்மா வேலையை விட்டுவிட்டு உட்காருவார். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் உஷா. 1969ல் சென்னை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் சேலை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடினார். அதே வருடம் கொல்கத்தா பார்க் தெருவின் 'டிரிங்காஸ்' அவரை அழைத்துக்கொண்டது. 1980களில் இடது முன்னணி அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி அவர் பாட்டைச் சீரழிவுக் கலாசாரம் என்று சொல்லி அரசு அரங்கில் தடை போட்டார். உஷா நீதிமன்றத்துக்குப் போய் வென்றார். 1947ல் பிறந்தவர், 2024ல் பத்மபூஷண் பெற்றார். காஞ்சிபுரம் பட்டு, தலை நிறையப் பூ, நெற்றியில் கொல்கத்தாவின் முதல் எழுத்தான வங்காளக் 'க' எழுதிய பெரிய பொட்டு, காலில் பட்டுத் துணி ஒட்டிய விளையாட்டுக் காலணி. அம்மா சொன்னார்: "பட்டும் பூவும் நம்ம ஊரு. தைரியம் இந்த ஊரு போல."

இதையெல்லாம் சொல்லி, கொல்கத்தாவைப் பெண்களின் சொர்க்கமாக்கும் எண்ணம் எனக்கில்லை. பெரிய பொட்டும் கைத்தறியும் இங்கே ஒரு சீருடையாகிவிட்டன. வங்காளிகளே 'ஆந்தெல்' என்று கேலி செய்வார்கள். அறிவுஜீவி என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை நக்கலாகச் சுருக்கியது அது. மற்றவர்களைப் போல் உடுத்தக் கூடாது என்று கிளம்பியவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கடையில் வந்து நிற்கிறார்கள்.

செலவு விஷயமும் இருக்கிறது. காந்தாத் தையல் ஏழைகளின் சிக்கனத்தில் பிறந்தது. நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பழைய கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்குப் போர்வையாக்கினார்கள். இன்று அதே தையல் பட்டில் ஏறி, மாதச் சம்பளக்காரர்கள் யோசிக்கும் விலையில் விற்கிறது. பீர்பூம் மாவட்டத்தில் மாதக்கணக்கில் குனிந்து அதைத் தைக்கும் பெண்கள், தாங்கள் தைத்ததை உடுத்துவது அபூர்வம்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் கேனிங் பக்கத்திலிருந்து விடிகாலை லோக்கல் ரயிலில் வருகிறார். ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும், கணவர் இல்லை. ஒரு தாந்த் சேலை, இங்கே நெய்யும் பருத்திச் சேலை, கொடுத்தேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். "கஞ்சி போட்டு இஸ்திரி பண்ண எனக்கு யார் இருக்கா, தீதி?" அவருக்கு வேண்டியது இரவு துவைத்தால் விடிவதற்குள் காய்கிற சிந்தெடிக். ஆனால் அவர் தேர்ந்தெடுக்கும் சிந்தெடிக்கைப் பார்க்க வேண்டும். கருஞ்சிவப்பில் கை அகலத்துக்கு மஞ்சள் பூ. சீல்தா ரயிலில் அவரைப் பார்த்து யாரும் அதற்குப் பெயர் வைக்கப் போவதில்லை. வயதுக்கும் விதவைக் கோலத்துக்கும் அவர் கொடுக்கும் பதில், நந்தன் வாசலில் நிற்கும் பெண்களின் பதிலுக்குக் குறைந்ததல்ல.

அம்மா இப்போது ஊரில் இருக்கிறார். புறப்படும்போது பேகம்பூர்ச் சேலையைப் பெட்டியில் வைக்கவில்லை. "இங்கயே இருக்கட்டும், வந்தா கட்டிக்கிறேன்" என்றார். போன மாதம் போனில் பேசும்போது, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, "அந்த நீலப் புடவையைப் பூச்சி அரிக்காம பாத்துக்கறியா?" என்று கேட்டார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகிறேன். கட்டுவதும் மடித்து வைப்பதும் அவர் இஷ்டம். ஆனால் அது அவர் கைக்கெட்டும் அலமாரியில் இருக்க வேண்டும்.