வாப்பாவின் சம்பள நோட்டு

எங்கள் வீட்டு மர அலமாரியின் மேல்தட்டில், நிலப்பத்திரங்களுக்கு அடியில், அட்டை கிழிந்த பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. 1962-இல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்த என் வாப்பா, 1998-இல் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மாதமும் வாங்கிய சம்பளத்தை அதில் எழுதி வந்தார்கள். கணக்குப் பார்ப்பதற்காக அல்ல. "எழுதி வைத்தால்தான் பரக்கத் கண்ணுக்குத் தெரியும்" என்பார்கள்.

முதல் பக்கங்களில் உள்ள தொகை நூறு ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. தொகைக்கு எதிரே, அது கைக்கு வந்த தேதியும் இருக்கிறது. ஒன்றாம் தேதி என்பது அபூர்வம். பன்னிரண்டு, பதினெட்டு, ஒரு மாதம் இருபத்தேழு. அந்நாளில் வாத்தியார் வீட்டுக்குப் பலசரக்குக் கடைக்காரர் கடன் கொடுப்பார். பெண் கொடுப்பதற்குத்தான் யோசிப்பார்கள். என் உம்மாவின் வீட்டார் சம்மதித்ததற்குக் காரணம், சம்பளம் அல்ல, 'பென்ஷன்' என்ற சொல். 1955-இல் காமராசர் ஆட்சியில், சேமநல நிதி, ஆயுள் காப்பீடு, ஓய்வூதியம் என்ற மூன்றையும் ஒன்றாக்கி, முப்பயன் திட்டம் என்று பள்ளி ஆசிரியர்களுக்கு வழங்கினார்கள். வாப்பாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பெரியவர்தாம், "கப்பலுக்குப் போகாதே, இந்த வேலையில் முதுமைக்கு ஒரு பிடி உண்டு" என்று சொல்லி ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினாராம்.

நோட்டில் 1-6-1981 என்ற தேதிக்குக் கீழே இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக ஆன நாள் அது. அடுத்த இரட்டைக் கோடு 1-6-1988. மத்திய அரசுக்கு இணையான ஊதியம் வேண்டும் என்று ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் அவ்வாண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் இல்லாத அந்த மாதத்தில், உம்மாவின் வளையல் இரண்டு அடகுக்குப் போயின. பின்னர் வந்த ஊதியக்குழு, அந்தத் தேதி முதல் இடைநிலை ஆசிரியருக்கு 1,200 ரூபாயில் தொடங்கும் விகிதத்தை வழங்கியது. வளையல்களில் ஒன்றுதான் மீண்டு வந்தது. அது எங்கள் வீட்டில் இன்னும் பேசித் தீராத விஷயம்.

ஒரு சிறு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் பலருக்கும் தெரியாது. சேமநல நிதியில் சேரும் வட்டி குறித்து வாப்பாவுக்கு மனத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. மத்திய அரசுப் பணியில் இருந்த அவர்களுடைய நண்பர், தமக்கு வட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மத்திய அரசின் பொதுச் சேமநல நிதி விதிகளில் அதற்கு வெளிப்படையாகவே இடமுண்டு. வாப்பா அப்படி எழுதவில்லை. ஆனால் வட்டி என்று கணக்கிட்ட தொகையைத் தனியே பிரித்து, பெயர் சொல்லாமல் கொடுத்துவிட்டார்கள் என்பதை அவர்கள் மௌத்தான பிறகே அறிந்தோம்.

1998 வாப்பாவுக்கு நல்ல ஆண்டு. மத்திய அரசின் ஐந்தாவது ஊதியக்குழுவை ஒட்டி, 1-1-1996 முதல் கணக்கிட்டு, தமிழக அரசு அவ்வாண்டு ஏப்ரலில் ஊதியத்தைத் திருத்தியது. இடைநிலை ஆசிரியரின் தொடக்க ஊதியம் 4,500 ஆயிற்று. அதன் பயனுடன் வாப்பா ஓய்வு பெற்றார்கள். பணிக்கொடையில் ராத்தாவின் திருமணம் முடிந்தது. வட்டியில்லாப் பண்டிகை முன்பணத்தை நம்பிப் பெருநாள் துணி எடுத்த வீட்டில், முதன்முறையாகக் கையிலிருந்த காசுக்கே துணி எடுத்தோம்.

இனி ராத்தாவின் கதை. 2002-இல் மச்சான் விபத்தில் இறந்துபோக, இரண்டு ஆண் பிள்ளைகளுடன் ராத்தா வாப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தார். அந்தக் காலம் ஆசிரியர்களுக்குக் கசப்பான காலம். 1-4-2003-க்குப் பிறகு பணியில் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றாயிற்று. மாதந்தோறும் ஊழியர் ஊதியத்திலிருந்து பத்து விழுக்காடு பிடித்து, அரசும் அதே அளவு சேர்க்கும் பங்களிப்புத் திட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று கூறியது. பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழி செய்தது. வாப்பா அன்றைய நாளேடுகளை மடித்து நோட்டுக்குள் வைத்திருந்தார்கள். அவை அப்படியே பழுப்பேறிக் கிடக்கின்றன.

ராத்தாவுக்கு 2004-இல் வேலை கிடைத்தது. தொகுப்பூதியம், மாதம் 3,000 ரூபாய். அகவிலைப்படி கிடையாது, ஆண்டு உயர்வு கிடையாது. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த தந்தையின் ஓய்வூதியம், நாள் முழுதும் வகுப்பில் நின்ற மகளின் சம்பளத்தைவிட அதிகம். ஒன்றாம் தேதி இரண்டு தொகைகளும் ஒரே மேசையில் வைக்கப்படும். ராத்தா தம் பணத்தை எண்ணமாட்டார். வாப்பா தங்கள் பணத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். 1-6-2006 முதல் தொகுப்பூதிய ஆசிரியர்கள் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, வாப்பா நோட்டை எடுத்து, தங்கள் கணக்கு முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் ராத்தாவின் பெயரை எழுதினார்கள். அதன் கீழும் இரண்டு கோடுகள்.

என் பெயர் அந்த நோட்டில் ஏறியது 2009-ஆம் ஆண்டின் பிற்பகுதியில். அதே இடைநிலை ஆசிரியர் பணி, அதே பயிற்சிச் சான்றிதழ், அதே ஒன்றியம். மகிழ்ச்சியோடு முதல் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினேன். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். "உனக்கு ஏதோ விட்டுப்போயிருக்கிறது" என்றார்கள்.

ஒன்றும் விட்டுப்போகவில்லை. 1-6-2009 அன்று வெளியான ஊதியத் திருத்த ஆணை, பழைய 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 என்று ஆக்கி, தர ஊதியம் 2,800-ஐச் சேர்த்தது, மொத்தம் 11,170. இது அந்தத் தேதிக்கு முன் பணியில் இருந்தவர்களுக்கு. அதன் பின் வந்தவர்களுக்குப் பெருக்கல் இல்லை. புதிய விகிதத்தின் அடிப்படையான 5,200-உடன் 2,800 சேர்த்து 8,000. மே 31 அன்று சேர்ந்தவருக்கும் மறுநாள் சேர்ந்தவருக்கும் அடிப்படையிலேயே 3,170 ரூபாய் வேறுபாடு. ராத்தா எனக்கு மூத்தவர், முன்னமே சேர்ந்தவர். அவருக்குச் சில ஆண்டு உயர்வுகள் கூடுதலாக இருப்பது நியாயம். ஆனால் இந்த 3,170 அனுபவத்துக்கான தொகை அல்ல, தேதிக்கான தொகை. 2011-இல் இடைநிலை ஆசிரியர்களுக்குத் தனி ஊதியமாக 750 ரூபாய் வந்தது. அது இருவருக்கும் ஒன்றுபோலவே வந்ததால் இடைவெளி அப்படியே நின்றது. அகவிலைப்படி விழுக்காட்டுக் கணக்கு என்பதால் ஒவ்வோர் உயர்விலும் அது விரிந்தது. 2017-இல் அனைவர் ஊதியமும் 2.57-ஆல் பெருக்கப்பட்டபோது, பழைய 3,170 எட்டாயிரத்தைத் தாண்டியது.

வீட்டிலும் அதன் நிழல் விழுந்தது. நானும் என் கணவரும் அந்த வீட்டின் மாடியிலேயே குடியிருந்தோம்; சமையல் ஒன்று; செலவைச் சரிபாதியாகப் பகிர்வது வழக்கம். ஒருநாள் ராத்தா, "இனி அரிசியும் கேஸும் என் பொறுப்பு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "இரக்கம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு இருவரும் தனித்தனியே சாப்பிட்டோம். வெறும் ரூபாய்க் கணக்குத்தான். ஆனால் ஒரே வேலை செய்கிற அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சோறு உண்ணும்படி அது செய்துவிட்டது. உம்மாதான் நடுவில் வந்தார்கள். "அவள் தருவது இரக்கம் இல்லை, அவளிடம் கூடுதலாக இருப்பது, நீ மறுப்பது ரோஷம் இல்லை, கோபம். கோபம் இருந்தால் கொடுத்தவர்களிடம் போய்க் காட்டு" என்றார்கள். பிறகு சம்பளத்துக்குத் தக்க பங்கு என்று ஆயிற்று. எனக்குப் பாலும் மின்கட்டணமும்.

காட்டவும் செய்தேன். 2022 டிசம்பரில் சென்னையில், சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு எங்களைப் போன்ற ஆசிரியர்கள் உண்ணாநிலை இருந்தபோது இரண்டு நாள் போய் அமர்ந்தேன். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். எனக்கு அடுத்து உட்கார வந்து சேர்ந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ராத்தா. அந்தக் கோரிக்கையால் அவருக்கு ஒரு காசும் கூடாது. அரசு 2023 தொடக்கத்தில் மூவர் குழு ஒன்றை அறிவிக்க, எல்லாரும் எழுந்து ஊர் திரும்பினோம்.

குறையை மட்டும் எழுதினால் நன்றி கெட்டவள் ஆவேன். என் முதல் குழந்தைக்கு 2011 தொடக்கத்தில் மூன்று மாத விடுப்புத்தான். அவ்வாண்டே அது ஆறு மாதமாயிற்று. இரண்டாவது குழந்தைக்கு அதைத் துய்த்தேன். 2016-இல் ஒன்பது, 2021-இல் பன்னிரண்டு மாதங்கள். இன்று எங்கள் பள்ளியில் பிள்ளைக்கு முதல் அடி நடக்கும்வரை உடனிருக்க முடிந்த இளம் ஆசிரியை இருக்கிறார். அதே ஊரில் 2012-இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதிநேர ஓவிய ஆசிரியரும் இருக்கிறார். 2024-இல்தான் அவருக்கு 12,500 ஆனது. அவர் எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்.

வாப்பா 2014-இல் மௌத்தானார்கள். உம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. கடைசி ஊதியத்தில் முப்பது விழுக்காடும் அகவிலைப்படியும். ஆண்டுக்கொரு முறை நேர்காணலுக்காக அவர்களை ஆட்டோவில் சார்நிலைக் கருவூலத்துக்கு அழைத்துச் செல்வோம். அன்று வெள்ளைத் துப்பட்டி உடுத்து, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கப்போகும் தின்பண்டங்களை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்கள். மருந்துக்கு, சதக்காவுக்கு, பெருநாள் காசுக்கு அவர்கள் யாரிடமும் கை நீட்டியதில்லை.

2026 ஜனவரியில், கடைசி ஊதியத்தில் பாதியை ஓய்வூதியமாக உறுதியளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. பத்து விழுக்காடு பிடித்தம் தொடரும் என்றும் அதில் இருந்தது. ராத்தாவுக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள். செய்தியை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம்.

"உங்கள் வாப்பாவுக்கு வந்ததுபோலவா?" என்று கேட்டார்கள்.

"அவ்வளவு இல்லை உம்மா. ஆனாலும் உண்டு" என்றார் ராத்தா.

உம்மா நோட்டை எடுத்து வரச் சொன்னார்கள். ராத்தா தேதியை எழுதினார். கோடு ஒன்று மட்டும் போட்டு, மற்றதைப் போடாமல் மூடி வைத்தார்.