வெப்பக் கணக்கு

புல் நாள்காட்டி பார்ப்பதில்லை. 2016 வசந்தத்தில் மிச்சிகனில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் கூலிக்கு வேலை பார்த்தபோது இதைத் தெரிந்துகொண்டேன். போவா அன்னுவா என்கிற புல், மூன்று மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டினாலும், ஏப்ரல், மே மாதங்களில் வெட்டுக்குக் கீழேயே பூத்துவிடும். பச்சையில் வெள்ளை படரும்; பந்து நேராக உருளாது. பூ கண்ணில் பட்ட பிறகு மருந்தால் பயனில்லை. தெளிக்கும் எதிஃபான் புல்லுக்குள் எதிலீனாகிறது. பழத்தைப் பழுக்கவைக்கும் அதே சரக்கு இங்கே பூவைத் தடுக்கிறது. ஆக, வராத பூவின் தேதியை முன்கூட்டி அறிந்தாக வேண்டும்.

கணக்கு எளிது. நாளின் உச்ச வெப்பம், தாழ்ந்த வெப்பம், இரண்டின் சராசரி. அதில் ஃபாரன்ஹீட் 32ஐக் கழிக்க வேண்டும். 50ம் 30ம் என்றால் 8. தினமும் இதைக் கூட்டிக்கொண்டே போய், மொத்தம் 200க்கும் 500க்கும் நடுவே இருக்கையில் தெளிக்க வேண்டும். சராசரி 32க்குக் கீழே போன நாளுக்குப் பூஜ்யம். மொத்தத்திலிருந்து எதுவும் குறைவதில்லை. உறைபனி வளர்ச்சியை நிறுத்தும், வளர்ந்ததைப் பறிக்காது என்பது இந்தக் கணக்கின் நம்பிக்கை. 1735ல் பிரான்சில் ரெயோமுர் தினசரி வெப்பத்தைக் கூட்டி விளைச்சல்களை ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்து வருகிற யோசனை.

நோட்டு என் பொறுப்பு. மார்ச் கடைசியில் அப்பா இறந்த செய்தி வந்தது. போகவில்லை. பணமில்லை என்று வீட்டில் சொன்னேன். அது பாதி உண்மை. பிறகு பதினைந்து நாள், காலையில் தரையின் உறைபனியை மட்டும் பார்த்துவிட்டு, வெப்பமானியின் உச்ச அளவைப் பார்க்காமலே பூஜ்யம் எழுதினேன். அந்த நாட்களில் நடுப்பகல் சராசரியாக 60ஐத் தொட்டிருக்கிறது. இரவு 26 என்றாலும் நாளுக்கு 11. என் நோட்டில் 410 ஆனபோது புல் 575ல் இருந்தது.

ஒரு காலை க்ரீன் முழுக்க வெள்ளை. மேற்பார்வையாளர் முழந்தாளிட்டுத் தடவிப் பார்த்தார். நோட்டை வாங்கிப் பூஜ்யங்களை விரலால் எண்ணினார். ஏன் என்றார்.

"குளிராக இருந்தது" என்றேன்.

அதே பதினைந்து நாளில் சில கவிதைகளும் எழுதியிருந்தேன். எல்லாவற்றிலும் எல்லாம் உறைந்து கிடந்தது. ஒன்றிலும் நடுப்பகல் இல்லை. அவற்றைக் கிழித்துவிட்டேன். நோட்டு மைதானத்துக்குச் சொந்தம். அதைக் கிழிக்க முடியவில்லை.