சீல் உடைக்காத டிஸ்க், 21,406 மணி நேரம்

ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறினால் ஜூஜூவாடி தாண்டியதுமே கடைப் பலகைகள் கன்னடத்துக்கு மாறிவிடுகின்றன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற இடம் இது. இப்போது அந்த வரிசை அத்திப்பள்ளி டோல்கேட்டுக்குப் போய்விட்டது. பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ பிடித்தேன். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை, ஆர்.வி. ரோடு வரை 60 ரூபாய். சில்க் போர்டு நெரிசலை மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே கடப்பதற்கு அந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். அங்கே பச்சைப் பாதைக்கு மாறி கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால், கொஞ்ச தூர நடையில் கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு.

வீட்டில் இருந்த ரெடிமேட் ஸ்டோரேஜ் பெட்டிக்கு மாற்று தேடித்தான் இந்தப் பயணம். அது திடீர் திடீரென்று நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போகும். ஆஃப் செய்து போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வரும். என் தம்பி சிப்காட் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே டை டிசைன் போட்டுக் கொடுப்பவன். அவனுடைய வரைபடங்கள் மொத்தமும் அதற்குள். குடும்பத்துப் போட்டோக்களும் அங்கேதான். இந்த முறை பாகம் பாகமாக வாங்கி நாமே கட்டுவது என்று முடிவாயிற்று.

எஸ்.பி. ரோட்டில் நடப்பது என்பது ஒதுங்குவதுதான். தலையில் மானிட்டர் பெட்டியோடு ஒருவர் வருவார், அவருக்கு வழிவிட்டால் பின்னால் ஸ்கூட்டர் வரும். ரேம் விலை கேட்டால் கடைக்காரர்கள் முதலில் போனைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். ஏஐ கம்பெனிகள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் விலை நாளுக்கு நாள் ஏறுகிறதாம். நல்லவேளை, எங்களுக்குத் தேவை 16 ஜிபி ஒன்றே ஒன்று. இன்டெல் என்100 பிராசஸர் பதிந்தே வரும் சின்ன மதர்போர்டை எடுத்துக்கொண்டேன். ஆறு வாட் ரகம், கோப்புகளைப் பரிமாற அது தாராளம்.

ஹார்ட் டிஸ்க்தான் விஷயம். 4 டிபி டெஸ்க்டாப் டிஸ்க் 9,000 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. நாஸ் ரகம், அதாவது நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளுக்கானது, 11,800 சொன்னார்கள். "ரெண்டும் ஒண்ணுதான் சார், ஸ்டிக்கர்தான் வேற" என்றார் ஒருவர். இல்லை. விலை குறைந்ததில் பெரும்பாலும் எஸ்எம்ஆர் முறையில் பதிவாகிறது. ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடம் ஏறிப் படுத்திருக்கும். நடுவில் ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். செத்துப்போன டிஸ்குக்குப் பதில் புதியதை வைத்து நாள்முழுக்க எழுதும்போது இது திணறும். திணறலைப் பார்த்து சர்வர் இதையும் செத்ததாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென்றே விற்ற தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பெட்டியில் அதை எங்கும் போட்டிருக்கவில்லை. அதனால் ஸ்டிக்கரை விட்டுவிட்டு மாடல் எண்ணைக் கம்பெனி வெளியிட்ட பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன்.

பையில் லேப்டாப்பும் ஒரு யுஎஸ்பி டாக்கும் இருந்தன. எந்த டிஸ்க்கும் தான் ஓடிய நேரத்தைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். ஒட்டுப் போட்ட செக்டர் எத்தனை என்பதும் அதிலேயே இருக்கும். பணம் கொடுக்குமுன் அதைப் படிக்க வேண்டும் என்றதும் ஒரு கடையில் முகம் சுருங்கியது. "சீல்டு பீஸ் சார், பிரிச்சா நாங்க யாருக்கு விக்கிறது?" நியாயம்தான். அங்கிருந்து நகர்ந்தேன். நாலு கடை தள்ளி இருந்த பையன், திருப்பத்தூர்க்காரன், "பாருங்க சார், எனக்கென்ன" என்று கவரைக் கிழித்துக் கையில் கொடுத்தான். திரையில் வந்த எண் 21,406. மணி நேரம். இரண்டரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, இரவு பகல் நிற்காமல். பையன் எட்டிப் பார்த்தான். "கம்பெனியில டெஸ்டிங் பண்ணியிருப்பாங்க சார்" என்றான், கண் சிமிட்டாமல்.

எண்ணையும் முழுசாக நம்ப முடியாது. 2025 தொடக்கத்தில், புதுசு என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று ஜெர்மனியின் ஹைஸே நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. சியா என்ற கிரிப்டோ பணத்துக்காக ஓட்டித் தேய்த்த டிஸ்க்குகளின் கணக்கை அழித்து யாரோ சந்தையில் கலந்துவிட்டதாகத்தான் பேச்சு. சீகேட் தன் வழியாக அவை விற்பனைக்குப் போகவில்லை என்றது.

அதனால் கண்ணையும் பயன்படுத்தினேன். சாட்டா முனையின் தங்க நிறத் தகடுகளில் ஒருமுறை சொருகினாலே மெல்லிய கோடு விழும். பக்கவாட்டு ஸ்க்ரூ துளைகளில் மரை உரசிய பளபளப்பு தெரியும். இரண்டும் இல்லாமல், ஓடிய நேரம் பூஜ்யமாகவும், சீரியல் எண்ணைப் போட்டால் இந்திய வாரண்டி காட்டுவதாகவும் நான்கு டிஸ்க் சேர்வதற்குள் மதியம் மூன்று மணி. ஒரே கடையில் வாங்கவில்லை. ஒரே பெட்டியிலிருந்து வந்தவை ஒரே சமயத்தில் படுக்கும் என்று பயம்.

நான்கு டிஸ்க் வைக்கத் தோதான சின்ன கேபினட் மட்டும் கிடைக்கவில்லை. இருந்ததற்கு மதர்போர்டைவிட அதிக விலை. அதற்கு ஓசூரிலேயே வழி இருந்தது. 1980இல் அசோக் லேலண்ட் வண்டியும் டிவிஎஸ் 50 மொபெட்டும் இந்த ஊரிலிருந்து வர ஆரம்பித்தன. அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்க முளைத்த பட்டறைகள்தான் இன்று சிப்காட்டின் சந்துகள். ஒரு பீஸுக்கு யாரும் முகம் கொடுப்பதில்லை. தம்பிக்குத் தெரிந்த ஒரு ஜாப் ஒர்க் ஷாப்பில் மட்டும் "ஷிஃப்ட் முடியற நேரத்துல வாங்கண்ணா" என்றார்கள்.

உள்ளே கூலன்ட் எண்ணெய் வாடை. லேசர் மெஷின் 1.2 மி.மீ. சிஆர் ஷீட்டின்மேல் ஓடும்போது சத்தம் நைட்ரஜன் பீய்ச்சலினுடையதுதான். வெட்டிய விளிம்பில் விரலால் தடவினேன், பிசிறு இல்லை. தம்பி காற்றுக்கென்று அறுநூறு வட்டத் துளை போட்டு வரைந்திருந்தான். ஆபரேட்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார். லேசரில் காசு, வெட்டும் நீளத்துக்கும் துளைக்கத் தொடங்கும் இடங்களின் எண்ணிக்கைக்கும். "இதையே நீள ஸ்லாட்டா மாத்துங்க, பாதியில முடிஞ்சிடும்." அங்கேயே மாற்றினான். ஷீட்டின் விலை, லேசர், பெண்டிங், பவுடர் கோட்டிங் எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய்.

கறுப்பு நிறத்தில் பெட்டி பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. மதர்போர்டு நிற்கும் கால்களின் அடியிலும் பவர் சப்ளை உட்காரும் இடத்திலும் பூச்சைச் சுரண்டி இரும்பைக் காட்டினோம். மல்டிமீட்டர் பீப் என்ற பிறகுதான் எர்த் சரி என்று ஒத்துக்கொண்டேன். டிஸ்க்குகளுக்கு ரப்பர் வாஷர். இல்லையென்றால் தகரப் பெட்டி ராத்திரியெல்லாம் ரீங்காரமிடும்.

மென்பொருள் ட்ரூநாஸ், இலவசம். அடியில் இருப்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ். எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்து, படிக்கும்போது ஒப்பிட்டு, கெட்டிருந்தால் ஜோடி டிஸ்கிலிருந்து எடுத்துத் தானே திருத்தும். இரண்டிரண்டாக இரட்டைப் பிரதி, எனவே 16 டிபிக்குப் பணம் கொடுத்து 8 டிபிதான் கையில். மின்சாரம் 36 வாட் என்றது மீட்டர். இரண்டு மாதத்துக்கு 52 யூனிட், தமிழக அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல். யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். சொன்ன நேரத்தில் ஒழுங்காகத் தன்னை மூடிக்கொண்டது.

பிறகு தம்பி வரைபடம் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்கின் கேபிளை உருவினேன். அவன் முறைத்தான். வரைபடம் நிற்கவில்லை, எச்சரிக்கை மட்டும் வந்தது. அந்த டிஸ்க்கைத் துடைத்துப் புதியதுபோல் திரும்ப மாட்டினேன். 1.1 டிபியை அது தன் ஜோடியிடமிருந்து வாங்கிக்கொள்ள இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது.

தீயோ திருட்டோ வந்தால் நான்கு டிஸ்க்கும் ஒன்றாகத்தான் போகும். அதனால் வெளியில் மாட்டும் ஒரு டிஸ்கில், பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி, இன்னொரு பிரதி எடுத்தோம். அதை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டு பீரோவில் வைப்பதாக ஏற்பாடு. பீரோவைப் பூட்டுமுன் தம்பியின் லேப்டாப்பில் அதைச் சொருகி, பழைய வரைபடம் ஒன்றைத் திறக்கச் சொன்னேன்.

"காப்பி முடிஞ்சதுன்னு மெசேஜ் வந்துச்சேண்ணா."

"திற."

திறந்தது. இன்னும் இரண்டைத் திறக்க வைத்தேன்.